ஆண்பிள்ளைக்கு மார்பு பெருத்தால்: எப்படித் தொட்டுப் பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது

வன்னியில் ஒரு பெடியன் வெறும் மேலோடு நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. குளத்தில் குளிப்பு, வயலில் வேலை, கோயில் வாசலில் சேர்ட்டைக் கழற்றுவது, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் காவடி எடுப்பது. இதிலெல்லாம் போன வருடம் வரை முன்னுக்கு நின்ற 13 வயதுப் பிள்ளை இந்த வருடம் ஏதாவது சாட்டுச் சொல்லி ஒதுங்குகிறான், வீட்டுக்குள்ளும் பெனியனைக் கழற்றாமல் திரிகிறான், தோளை முன்னால் வளைத்துக்கொண்டு நடக்கிறான் என்றால், அவனைத் திட்டுவதற்கு முதல் ஒரு தடவை யோசியுங்கள். நெஞ்சில் ஏதோ வளர்ந்திருக்கலாம், அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறானாக இருக்கலாம். இதை அந்தப் பிள்ளைக்காகவும் அவனுடைய அப்பா அம்மாவுக்காகவும் எழுதுகிறேன். வயது போனவர்களுக்கும் இது வரும், அவர்களுக்கு வரும்போது காரணங்கள் வேறு, அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. பிறக்கும்போதே எல்லா ஆண்களுக்கும் முலைக்காம்புக்குக் கீழே கொஞ்சம் மார்புத் திசு இருக்கிறது. ஆணின் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் சுரக்கும், பெண்ணின் உடம்பிலும் டெஸ்டோஸ்டெரோன் சுரக்கும், அளவுதான் வேறு. ஈஸ்ட்ரோஜன் அந்தத் திசுவை வளரச் சொல்லும், டெஸ்டோஸ்டெரோன் அதைத் தடுக்கும். ஏதாவது ஒரு காரணத்தால் இந்த இரண்டுக்கும் இடையிலான கணக்குக் குழம்பினால் திசு வளரத் தொடங்கும். வைத்தியர்கள் இதைக் கைனகோமாஸ்டியா என்பார்கள். கொழுப்புச் சேர்ந்து நெஞ்சு பெருப்பது வேறு விஷயம், வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதனால்தான் தொட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தொட்டுப் பார்ப்பது

மல்லாந்து படுங்கள். ஒரு கையைத் தலைக்குக் கீழே வையுங்கள், மற்றக் கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இரண்டு பக்கமும் வைத்து, மெதுவாக அமத்தியபடி முலைக்காம்பை நோக்கி நெருக்கிக்கொண்டு வாருங்கள். கைனகோமாஸ்டியா என்றால் விரல்கள் சேர்வதற்கு முதலே காம்புக்கு நேர் கீழே ஒரு வட்டமான தட்டு தட்டுப்படும். சோடாப் போத்தல் மூடி அளவில் தொடங்கும், சிலருக்கு அதைவிடப் பெரிது, ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கும், தோலோடும் நெஞ்சோடும் ஒட்டாமல் கொஞ்சம் அசையும், தொட்டால் நோகவும் கூடும். தட்டு எதுவும் இல்லாமல் விரல் இரண்டும் மெத்தென்று வந்து காம்பில் சேர்ந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு, உடம்பு பெருத்த பிள்ளைகளில் அப்படித்தான் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் கொழுப்புத் திசுவே ஆண் ஹோர்மோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும்.

இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் முதலில் வந்து சில மாதம் கழித்து மற்றப் பக்கம் வருவதும், ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருப்பதும் வழமையானதுதான். ஆனால் கட்டி காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, கல்லுப் போல இறுகி இருந்தால் இந்தப் பந்தியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் விதைகளையும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் முகத்தைத் திருப்புவார்கள், ஆனால் இது முக்கியம், ஏனென்றால் இளம் வயதில் வரும் விதைப் புற்றுநோய் சிலருக்கு முதலில் மார்பு வீக்கமாகத்தான் தலைகாட்டும், நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகச் சுகமாகும். குளித்து முடித்தவுடன், பை தளர்ந்திருக்கும் நேரத்தில், ஒவ்வொரு விதையையும் விரல்களுக்கு நடுவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் மெத்தென்று ஒரு குழாய் மாதிரி தட்டுப்படுவது இயற்கை. விதையின் மேலேயே கட்டியோ, ஒன்று மட்டும் பெருத்தோ பாரமாகவோ, அல்லது வளர்ந்த ஆணுக்கு இரண்டும் மிகவும் சிறிதாகவோ இருந்தால் வைத்தியரிடம் அதை முதல் விஷயமாகச் சொல்லுங்கள்.

பச்சைக் குழந்தை

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல், ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். தாயின் ஈஸ்ட்ரோஜன் தொப்புள்கொடி வழியாக வந்ததால் அப்படி. சில குழந்தைகளுக்குப் பால் மாதிரி இரண்டு துளி வரும். சில கிழமைகளில், சிலவேளை சில மாதங்களில் தானாக வற்றிவிடும். அம்மம்மாமார் குளிப்பாட்டும்போது அந்தப் பாலைப் பிதுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் பெருத்துவிடும் என்று சொல்வார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் பிதுக்கினால் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும், பச்சைக் குழந்தைக்குக் கீறி எடுக்க வேண்டி வரும். தொடாமல் விடச் சொல்லுங்கள். மார்பு சிவந்து சூடாக இருந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்கே காட்டுங்கள்.

வளரும் பெடியன்

பருவம் அடையும் பெடியன்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது வரும். வகுப்பில் முப்பது பெடியன்கள் இருந்தால் கணிசமான பேருக்கு ஏதோ ஓர் அளவில் வந்திருக்கும், எல்லோரும் மறைத்துக்கொண்டிருப்பதால் ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். 10 வயதுக்குப் பிறகு தொடங்கலாம், 13, 14 வயதில் உச்சம். விதைகள் பெருக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, ஆண் ஹோர்மோன் இன்னும் முழு அளவுக்கு வராத இடைவெளியில் இது நடக்கிறது. குரல் உடைந்து, மீசை அரும்பி, ஆண் ஹோர்மோன் ஏறிவரும்போது திசு தானாகச் சுருங்கும். சிலருக்கு ஆறு மாதத்தில், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள்.

ஆகவே இந்த வயதில் செய்ய வேண்டியது பெரும்பாலும் பொறுத்திருப்பது, ஆனால் பேசாமல் பொறுத்திருப்பது அல்ல. அப்பாவோ அண்ணாவோ மாமாவோ, பிள்ளைக்கு யாரோடு ஒட்டோ அவர், தனியாகக் கூப்பிட்டு, "இது உன்ர வயசில கனபேருக்கு வாறது, போயிடும், ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம்" என்று சொன்னால் போதும். நீளமாக விளக்க வேண்டாம். வீட்டில் யாராவது அதை வைத்துப் பகிடி விட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், உறவுக்காரர் என்றாலும் நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், கிள்ளிப் பார்க்கிறார்கள் என்றால் வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். பிள்ளையின் மார்பைத் தொட்டுக் கிள்ளுவது பகிடி இல்லை, அது உடம்பின் மேல் கை வைப்பது, அதைச் செய்வது பெரிய வகுப்புப் பெடியனோ வளர்ந்த ஆளோ யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இந்தப் பகிடிக்குப் பயந்து விளையாட்டை விட்டவர்கள் உண்டு, பள்ளிக்கூடத்தையே விட்டவர்கள் உண்டு. மார்பில் வந்த திசு பெரும்பாலும் இரண்டு வருடத்தில் போய்விடும், இழந்த படிப்புத் திரும்பி வராது.

அதுவரைக்கும் கொஞ்சம் தடிப்பான துணியில் பெனியனோ, மேலே கையில்லாத இறுக்கமான விளையாட்டு பெனியனோ போட்டுக்கொள்ளலாம். துணியைச் சுற்றி மூச்சு முட்டக் கட்டுவது வேண்டாம், எங்கள் வெயிலில் வியர்த்து ஊறிப் படை வந்துவிடும். தண்டால் எடுத்தால் கரையுமா என்று கேட்பார்கள். திசு தண்டாலுக்குக் கரையாது. கொழுப்பு என்றாலும் நெஞ்சில் மட்டும் கரைக்க வழி கிடையாது, மொத்த எடையும் குறையும்போதுதான் அதுவும் குறையும், அதற்குச் சைக்கிள் ஓட்டம், பந்தடி, சோற்றின் அளவு, இனிப்புச் சோடாவை விடுவது, இவைதான்.

முகநூலில் கிறீம், ஒயில், "ஒரு மாதத்தில் தட்டையான நெஞ்சு" மாத்திரை என்று விளம்பரம் வரும். எதற்கும் காசு அனுப்ப வேண்டாம். பூசி இந்தத் திசுவைக் கரைக்கும் கிறீம் எதுவும் கிடையாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது, ஹோர்மோன் கலந்ததாக இருந்தால் இருப்பதையும் பெருப்பிக்கும். சோயா மீற் சாப்பிடுவதால் வருகிறது என்ற கதையும் உண்டு. வீட்டில் கறியாகச் சாப்பிடும் அளவுக்கு அப்படி வராது. தினமும் மூன்று லீற்றர் அளவில் சோயாப் பால் குடித்த ஒருவருக்கு வந்ததாக மருத்துவப் பதிவு உண்டு, அந்த அளவுக்கு யாரும் இங்கே குடிப்பதில்லை. புரொய்லர் கோழி சீக்கிரம் வளர்வது இனத் தெரிவினாலும் தீனியாலும், அதைச் சாப்பிட்டதால் பிள்ளைக்கு மார்பு வந்தது என்று தாய் தன்னையே குற்றம் சொல்லத் தேவையில்லை.

9 வயதுக்கு முதலே வந்தால் அது பருவக் கணக்கில் சேராது, உடனே காட்டுங்கள். 17, 18 வயது தாண்டியும் போகவில்லை என்றாலும் காட்ட வேண்டும். நல்ல உயரம், கை கால் நீளம், மீசை தாடி குறைவு, விதைகள் சிறிது, மார்பும் பெருத்திருக்கிறது என்றால் கிளைன்ஃபெல்டர் என்ற நிலையா என்று இரத்தத்தில் குரோமோசோம் (பெற்றோரிடமிருந்து வரும் மரபுக் கூறு) சோதனை செய்வார்கள். ஆண்களில் ஐந்நூறு தொடக்கம் ஆயிரம் பேருக்கு ஒருவர் ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறக்கிறார், பலருக்குக் கலியாணம் முடித்துப் பிள்ளை இல்லை என்று போகும்போதுதான் தெரியவரும். நேரத்தோடு தெரிந்தால் ஹோர்மோன் சிகிச்சை கொடுக்கலாம்.

வளர்ந்த ஆண்கள்

20 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் தேடிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். கால் வீக்கத்துக்கும் வயிற்றில் நீர் கட்டுவதற்கும் இருதய வருத்தத்துக்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலக்டோன் இதில் பேர்போனது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பிக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைட், அதையே முடி வளர என்று பாமசியில் வாங்கிப் போடும் இளைஞர்களும் உண்டு. மனநல கிளினிக்கில் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியசிட், வயிற்றெரிவுக்கு முன்பு கூடக் கொடுபட்ட சிமெற்றிடீன், சில பிரஷர் மாத்திரைகள். இதை வாசித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். காசநோய் மருந்தை இடையில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பும், மனநல மருந்தைத் திடீரென்று விட்டால் ஆள் உடைந்துபோவார். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் "இதனாலா?" என்று கேளுங்கள், பல மருந்துக்கு மாற்று உண்டு, மாற்றிச் சில மாதத்தில் வீக்கம் குறையத் தொடங்கும்.

அடுத்தது ஈரல். கசிப்பும் சாராயமும் வருடக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் சுருங்கும், ஈஸ்ட்ரோஜனை உடைத்து வெளியேற்றும் வேலையைச் சரியாகச் செய்யாது, குடி விதைகளையும் நேராகவே பாதிக்கும். மார்பு பெருத்து, வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, உள்ளங்கை சிவந்திருக்கும் குடிகாரனைப் பார்த்தால் அது கொழுப்பு இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டயலிசிஸ் செய்பவர்களுக்கும் வரும், வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால் இதை மறக்கக் கூடாது. தைரொயிட் அளவுக்கு மிஞ்சிச் சுரந்தாலும் வரும். மெலிவு, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு கூட இருக்கும்.

ஜிம்முக்குப் போகும் தம்பிமாருக்கு ஒன்று. உடம்பு ஏற்ற ஊசி போட்டால் அந்த ஸ்டெரோயிட்டில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும், ஊசியை நிறுத்தியவுடன் உங்கள் சொந்த டெஸ்டோஸ்டெரோன் கீழே விழுந்து கிடக்கும், இரண்டு வழியிலும் மார்பு வரும், விதையும் சுருங்கும். வைத்தியரிடம் இதை மறைத்தால் அவர் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார். கஞ்சா பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை, ஆனால் பாவித்தால் அதையும் சொல்லுங்கள்.

எங்கள் மண்ணுக்கு மட்டும் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. போரில் செல் துண்டு பட்டு விதையில் காயப்பட்டவர்கள், ஒன்றையோ இரண்டையுமோ இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டெரோன் பெரும்பகுதி அங்கேதான் சுரக்கிறது, அது குறைந்தால் மார்பு பெருக்கும், அதோடு உடம்புச் சோர்வு, எலும்பு பலவீனம், தாம்பத்திய ஆசை குறைவு எல்லாம் வரும். காயம் ஆறி எத்தனை வருடமானாலும் இரத்தத்தில் ஹோர்மோன் அளவு பார்த்து, குறைவு என்றால் அதை ஊசியாகக் கொடுக்க முடியும். அந்தக் காயத்தைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறக்காமல் இருக்கிறார்கள், மனைவிக்கு மட்டும் தெரியும். மனைவிமார்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பட்டினியும் ஒரு காரணம். 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களில் இருந்து விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளுக்கு, பட்டினி கிடந்தபோது அல்ல, திரும்பச் சாப்பாடு கிடைத்து உடம்பு தேறும்போது மார்பு வீங்கியதை வைத்தியர்கள் பதிந்திருக்கிறார்கள். பட்டினியில் ஓய்ந்துபோன ஹோர்மோன் சுரப்பு மறுபடி எழும்பும்போது இரண்டாவது தடவை பருவமடைவது போல ஒரு குழப்பம் நடக்கிறது, அதுவும் தானாக அடங்கும். 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்று வந்த சனத்துக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நீண்ட வருத்தத்தில் மெலிந்து பிறகு தேறுபவர்களுக்கு இது வரலாம்.

50 வயதுக்கு மேல் டெஸ்டோஸ்டெரோன் மெதுவாகக் குறைவதாலும் உடம்பில் கொழுப்புக் கூடுவதாலும் காரணம் எதுவும் பிடிபடாமலே வருவதும் உண்டு. ஆனால் அந்த வயதில்தான் மார்புப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். ஆண்களுக்கு அது அரிது, மொத்த மார்புப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அரிது என்பதாலேயே ஆண்கள் பிந்தி வருகிறார்கள். இறுகிய கட்டி, காம்பு உள்ளே இழுபடுவது, காம்பில் இரத்தம் கசிவது, தோல் குழி விழுவது, ஆறாத புண், அக்குளில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலே அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்திருந்தால் இன்னும் விரைவாகப் போங்கள்.

ஆஸ்பத்திரியில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எது கிட்டவோ அந்த மாவட்டப் பொது வைத்தியசாலையின் ஓபிடிக்குப் போகலாம், கட்டணம் இல்லை. அங்கிருந்து சத்திரசிகிச்சை கிளினிக்குக்கோ, சின்னப் பிள்ளை என்றால் பிள்ளை வைத்தியருக்கோ துண்டு தருவார்கள். ஓபிடியில் கதவு திறந்து கிடக்கும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கூச்சத்தில் "நெஞ்சு நோ" என்று மட்டும் சொன்னால் ஈசிஜி எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். "மார்பு பெருத்திருக்கு, தனியாகக் காட்ட வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள், திரை போடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பெண் வைத்தியராக இருந்தாலும் பரவாயில்லை, அவருக்கு இது புதிது அல்ல. பெடியனுக்கு வேண்டுமென்றால் அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போகலாம், வேண்டாம் என்றால் அப்பா வெளியே நிற்க வேண்டும்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது: எப்போது தொடங்கியது, நோகிறதா, வளர்ந்துகொண்டு போகிறதா, எடை கூடியதா குறைந்ததா, நாட்டு மருந்து உட்பட என்னென்ன குடிக்கிறீர்கள். பருவ வயதுப் பெடியனுக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு, சோதனை ஒன்றும் வேண்டாம் ஆறு மாதத்தில் வா என்று சொன்னால் கவலையீனம் என்று நினைக்காதீர்கள், அதுதான் சரியான முறை. தேவைப்பட்டால் ஈரல், சிறுநீரகம், தைரொயிட், டெஸ்டோஸ்டெரோன், ஈஸ்ட்ரோஜன், பால் சுரக்க வைக்கும் புரொலக்டின் என்று இரத்தம் பார்ப்பார்கள், மார்புக்கும் விதைக்கும் ஸ்கான் எடுப்பார்கள். சந்தேகமான கட்டி என்றால் ஊசியால் குத்தித் திசு எடுப்பார்கள். ஹோர்மோன் நிபுணரிடம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் ஏ9இல் ஒரு நாள் அலைச்சல்தான், போங்கள். புற்றுநோய் என்று வந்தால் தெல்லிப்பழையில் பிரிவு இருக்கிறது.

மருந்து என்று பார்த்தால், தொடங்கிச் சில மாதத்துக்குள், நோவும் வளர்ச்சியும் இருக்கும் கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் மார்பில் வேலை செய்யாமல் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரையை நிபுணர் சிலருக்குக் கொடுப்பதுண்டு. வளர்ந்த ஆண்களில் ஒரு வருடம் தாண்டினால் திசு பெரும்பாலும் நாராக இறுகிவிடும், பிறகு மாத்திரைக்கு அசையாது, அப்போது மிஞ்சுவது சத்திரசிகிச்சை. காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் கீறித் திசுவை எடுப்பார்கள், கொழுப்பும் இருந்தால் அதை உறிஞ்சி எடுப்பார்கள். பருவம் முழுமையாக முடியும் முதல் செய்தால் மறுபடி வளரக்கூடும், அதனால் பெடியன்களைப் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வார்கள். உள்ளே இரத்தம் கட்டுவது, காம்பு குழி விழுவது, உணர்ச்சி மரத்துப்போவது, தழும்பு, இவை வரக்கூடியவை, ஒப்பம் வைக்கும் முதல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தபின் சில கிழமை இறுக்கமான உடுப்புப் போட வேண்டும், அந்தக் காலத்தில் நெல்லு மூட்டை தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் கூடாது, ஆகவே விதைப்பும் அரிவுவெட்டும் இல்லாத மாதத்தில் திகதி கேளுங்கள். எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்புவார்கள், அந்த அறிக்கை வந்ததா என்று நீங்களே போய்க் கேட்டு, ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.